28 இருக்கைகள், 100 நொடிகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தாலே பிள்ளைகள் முதலில் கேட்பது, “தீம் பார்க் உண்டா சார்?” என்பதைத்தான். மதுரைக்கு அருகே பரவையில் இருக்கும் ‘அதிசயம்’ காலையில் கிளம்பி இரவில் வீடு திரும்பக்கூடிய தூரம். 2025 டிசம்பர் 2 முதல் இன்னொரு பெயரும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே, திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா. 611 கோடி ரூபாய் முதலீடு, 64 ஏக்கருக்குச் சற்று மேல் நிலம், 43 ரைடுகள். ஒரு நாளில் 6,500 பேர் வரை வரலாம் என்பது நிறுவனம் சொன்ன கணக்கு.

அந்த 43-ல் பிள்ளைகளை ராத்திரி பஸ் ஏற வைப்பது ஒன்றே ஒன்று: ‘தஞ்சோரா’ என்ற ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் நிறுவனத்தின் தயாரிப்பு. அந்த நிறுவனத்தின் கோஸ்டர் இந்தியாவுக்கு வந்தது இதுவே முதல் முறை. ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடாமல் அதற்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடும். உட்கார்ந்திருப்பவரின் கால்களுக்கு அடியில் தரை கிடையாது. இந்த வகைக் கோஸ்டரை அதே நிறுவனம்தான் 1992-ல் முதன்முதலாக அமெரிக்காவில், சிகாகோவுக்கு அருகே, ‘பேட்மேன் தி ரைட்’ என்ற பெயரில் கட்டியது. இந்த வகை ரயிலில் ஒரு வரிசைக்கு நான்கு பேர். ஏழு அல்லது எட்டு வரிசைகள் இருப்பது வழக்கம். ஆக, 28 அல்லது 32 இருக்கைகள்.

பூங்காவுக்குள் 6,500 பேர். எல்லோருக்கும் ஏற ஆசையிருக்கும் ரயிலில் 28 இருக்கை. மாலைக்குள் எத்தனை பேர் ஏறுவார்கள்? ஒருவர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? நாம் வழக்கமாகக் கூட்டத்தைக் குறை சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றுவிடுகிறோம். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே விடை இருக்கிறது. அந்த விடையை ரயிலின் வேகத்தில் தேடக் கூடாது. ரயில் நிற்கும் இடத்தில் தேட வேண்டும்.

வேகம் வேறு, கொள்திறன் வேறு

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்பதுதான் ஒரு ரைடின் கொள்திறன். வேகமாக ஓடும் ரைடு நிறையப் பேரைச் சுமக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். நெதர்லாந்தின் வெகோமா நிறுவனம் ‘பூமராங்’ என்ற கோஸ்டரை உலகமெங்கும் விற்றிருக்கிறது. ஹைதராபாத் வொண்டர்லாவில் உள்ள ‘ரீகாய்ல்’ அந்த வகைதான். ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாய்ந்து, மூன்று முறை தலைகீழாகப் புரண்டு, அதே பாதையில் பின்னோக்கி வந்து நிற்கும். பயணம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதன் கொள்திறனாகச் சொல்லப்படும் எண், மணிக்கு 760 பேர்.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 2000-ல் மக்களுக்குத் திறக்கப்பட்ட ‘லண்டன் ஐ’ சக்கரத்தின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு சுற்று முடிய அரை மணி நேரம் ஆகும். ஆனால் 32 அறைகள், அறைக்கு 25 பேர், ஆக ஒரு சுற்றுக்கு 800 பேர். மணிக்கு இரண்டு சுற்று, 1,600 பேர். ஆமை வேகத்தில் நகரும் சக்கரம், பாய்ந்தோடும் கோஸ்டரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மக்களைச் சுமக்கிறது. காரணம், ஆள் ஏறுவதற்காக அது வழக்கமாக நிற்பதில்லை. மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் இறங்குகிறார்கள், மறுபக்கம் ஏறுகிறார்கள்.

நம் ஊர்த் திருவிழா ராட்டினம் இதற்கு நேர் எதிர். 12 பெட்டிகள், பெட்டிக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டியாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, ஆட்களை இறக்கி, அடுத்தவரை ஏற்றி, கம்பியைப் பூட்ட 20 நொடி ஆனால், 12 பெட்டிக்கு நான்கு நிமிடம். சுற்றுவது மூன்று நிமிடம். ஏழு நிமிடத்துக்கு 48 பேர், அதாவது மணிக்குச் சுமார் 410 பேர். ராட்டினத்தை அதே மூன்று நிமிடத்துக்கு இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் கீழே நிற்கும் கூட்டம் குறையுமா? ஒருவர்கூடக் குறைய மாட்டார். பெட்டிக்கு 20 நொடியை 15 ஆக்கினால் மணிக்கு 480 பேர் ஏறலாம். ராட்டினக்காரரின் மோட்டாரைவிட அவருடைய உதவியாளரின் கைதான் கணக்கை மாற்றுகிறது.

பந்திக் கணக்கு

கோஸ்டரின் கணக்கு செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியின் கணக்கு. ஒரு பந்தியில் 100 பேர் உட்கார்ந்தால், நூறு பேரும் எழுந்த பிறகுதான் அடுத்த நூறு பேர் உட்கார முடியும். அடுப்படி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், இலை எடுத்து, மேசையைத் துடைத்து, அடுத்த இலை போட்டுத் தண்ணீர் வைக்கும் நேரத்தைப் பொறுத்துத்தான் முகப்பில் காத்திருப்பவர்களின் பசி தீரும்.

அதே முறையில் ரயிலைக் கணக்கிடலாம். இனி வரும் நொடிகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. தஞ்சோராவில் அளந்து பார்த்தவை அல்ல. ஒரே ஒரு ரயில். அதில் 28 இருக்கை. சங்கிலி மேலே இழுப்பது, ஓட்டம், பிரேக் எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம். இறங்க, ஏற, பூட்டிச் சரிபார்க்க ஒன்றரை நிமிடம். மொத்தம் 210 நொடிக்கு ஒரு பயணம். பூங்கா ஏழு மணி நேரம் திறந்திருந்தால் 120 பயணம், 3,360 பேர். வந்திருக்கும் 6,500 பேரில் பாதிப் பேருக்குத்தான் இடம்.

இரண்டு ரயில் விட்டால் ஒன்று பாதையில் ஓடும்போது மற்றது பிளாட்பாரத்தில் ஆள் ஏற்றலாம். இப்போது ஓட்ட நேரத்தைத் தனியாகக் கூட்ட வேண்டியதில்லை. அடுத்தடுத்து இரண்டு ரயில்கள் கிளம்புவதற்கு இடையில் ஆகும் நேரம் மட்டும் மிஞ்சுகிறது. ஏற்றும் வேலையையும் கொஞ்சம் சுருக்கி அதை 100 நொடிக்குக் கொண்டுவந்தால், ஏழு மணி நேரத்தில் 252 பயணம், 7,056 பேர். எல்லோரும் ஒரு முறை ஏறிவிடலாம். அதே இடைவெளி 120 நொடியானால் 210 பயணம், 5,880 பேர். வெறும் 20 நொடி தாமதத்துக்கு 620 பேர் ஏறாமலே வீடு திரும்புவார்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த பிள்ளைகளும் அந்த 620-ல் இருக்கலாம்.

பிளாட்பாரத்தில் நடப்பது

அந்த 20 நொடி எங்கே போகிறது என்று அருகில் நின்று பார்க்க வேண்டும். கேட் திறக்கிறது. முதல் வரிசைக்காக ஓடியவர், அங்கே ஆள் நிறைந்திருப்பதைப் பார்த்து, கடைசி வரிசைக்கு ஓடுகிறார். கால் தொங்கும் ரைடு என்பதால் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றியதை எங்கே வைப்பது என்று தேடுகிறார் ஒருவர். பையை எதிர்ப்பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது சட்டைப்பையில் செல்போன் இருப்பது நினைவுக்கு வந்து மறுபடி போகிறார் இன்னொருவர். துப்பட்டாவை இறுக்கி முடிகிறார்கள். மூக்குக்கண்ணாடியை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. தோளுக்கு மேலிருந்து இறங்கும் தடுப்பை இழுத்து, அதன் பெல்ட்டை மாட்டி, ஊழியர் ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்க்கிறார். 27 பேர் தயார். ஒரு பையன் மட்டும் “நான் வரலை” என்று இறங்குகிறான். மறுபடி பூட்டு, மறுபடி சோதனை, பிறகு கட்டைவிரல் சைகை.

இதில் அவசரப்படுத்தக் கூடாத வேலை ஒன்றே ஒன்று, பூட்டைச் சோதிப்பது. மற்ற எல்லாவற்றையும் ரயில் வருவதற்கு முன்பே முடித்துவிடலாம். பையும் போனும் லாக்கருக்கு வரிசை தொடங்கும் இடத்திலேயே போய்விட வேண்டும். எந்த வரிசையில் யார் என்று எண் போட்ட கேட்டில் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். பயந்தவர் இறங்கிப்போகப் பிளாட்பாரத்துக்கு முன்னால் ஒரு வழி வேண்டும். கோடிகளைக் கொட்டி ரயில் வாங்கிய பூங்கா, ஒரு அலமாரியைச் சரியான இடத்தில் வைப்பதன் மூலம் நூற்றுக்கணக்கான பேரைக் கூடுதலாக ஏற்ற முடியும்.

காலி இருக்கைகளும் இதே கதைதான். வரிசைக்கு நான்கு இருக்கை. வருவது மூன்று பேர் குடும்பம். ஒரு இருக்கை வெறுமனே போகும். பயணத்துக்கு மூன்று இருக்கை இப்படிப் போனால், 252 பயணத்தில் 756 இருக்கை. விற்காத சட்டையை நாளைக்கு விற்கலாம். காலியாகக் கிளம்பிய இருக்கையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. உலகின் பல பூங்காக்களில் தனியாக ஏறச் சம்மதிப்பவர்களுக்கென்று தனி வரிசை இருப்பது இதனால்தான். மூன்று பேர் ஏறிய வரிசையின் நான்காவது இடத்துக்கு அவர்களில் ஒருவர் போவார். யாருக்கும் நட்டமில்லாமல் எல்லோருடைய காத்திருப்பும் குறையும்.

மூன்றாவது ரயில் விட்டால் என்ன?

கூட்டம் இருந்தால் இன்னொரு ரயிலை இறக்க வேண்டியதுதானே என்ற கேள்வி வரும். இதற்கு எல்லை உண்டு. ரயில்வேயில் பாதையைப் பிளாக் என்ற பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிளாக்குக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். காரைக்குடி சந்திப்பிலிருந்து மானாமதுரைக்குக் கிளம்பும் வண்டிக்கும் இதே விதிதான். முன்னால் போன ரயில் பிளாக்கை விட்டு வெளியேறினால்தான் பின்னால் வரும் ரயிலுக்குச் சிக்னல். கோஸ்டர்கள் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டன. ஏற்றம், நடுப்பிரேக், கடைசிப் பிரேக், பிளாட்பாரம் என்று ரயிலை நிறுத்தக்கூடிய இடங்களை வைத்துப் பாதை பிரிக்கப்படுகிறது. ரயில்களைவிடப் பிளாக்குகள் ஒன்றாவது கூடுதலாக இருந்தால்தான் ரயில்கள் நகர முடியும். அதோடு, பிளாட்பாரத்தில் ஆள் ஏற்றும் வேகம் கூடாமல் மூன்றாவது ரயிலை இறக்கினால், அது பிரேக்கில் வந்து காத்துக் கிடக்கும். வரிசையில் நிற்கும் கூட்டத்தோடு ரயிலுக்குள்ளும் ஒரு கூட்டம் காத்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2015 ஜூன் 2 அன்று ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் ‘ஸ்மைலர்’ கோஸ்டரில் கூடுதலாக ஒரு ரயில் இறக்கப்பட்டது. எத்தனை ரயில்கள் பாதையில் இருக்கின்றன என்பதில் ஊழியர்களிடையே குழப்பம். ஆளில்லாமல் விட்ட சோதனை ரயில் ஒன்று பாதி வழியில் நின்றுபோனது. கட்டுப்பாட்டுக் கணினி தன் வேலையைச் சரியாகச் செய்து, பின்னால் வந்த ரயிலை நிறுத்தியது. பாதை காலி என்று நம்பிய பொறியாளர்கள் அந்தத் தடையைத் தாங்களே விலக்கினார்கள். 16 பேர் இருந்த ரயில், நின்றிருந்த ரயில்மீது மோதியது. இளம்பெண்கள் இருவர் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கொள்திறனைக் கூட்ட ஆயிரம் வழி தேடலாம். கணினி ‘நில்’ என்றால் நிற்க வேண்டும். அதில் பேரமே கிடையாது.

வரிசையின் நினைவு

வரிசைகளை அறிவியலாக்கிய பெருமை டென்மார்க்கின் ஆக்னர் எர்லாங்குக்கு உரியது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், எத்தனை பேர் ஒரே நேரத்தில் அழைப்பார்கள், எத்தனை இணைப்புகள் போதும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1909-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1961-ல் அமெரிக்கரான ஜான் லிட்டில் ஒரு சூத்திரத்தை நிரூபித்தார். சொல்லப்போனால் அது ஒரே ஒரு பெருக்கல். வரிசையில் இருக்கும் ஆட்களின் சராசரி எண்ணிக்கை, ஆட்கள் வந்து சேரும் வீதத்தையும் ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. வருபவர்கள் எந்த ஒழுங்கில் வந்தாலும் சரி, நீண்ட நேரச் சராசரியில் இது பொருந்தும். மணிக்கு 900 பேர் நகரும் வரிசையில் 300 பேர் நின்றால், காத்திருப்பு ஒரு மணியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 நிமிடம்.

வரிசைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. அவை நடந்ததை எளிதில் மறப்பதில்லை. மணிக்கு 1,000 பேரை ஏற்றும் கோஸ்டர் என்று கொள்வோம். கேட் திறந்ததும் எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். முதல் மணியில் 1,500 பேர் வந்தால், 500 பேர் மிச்சம். அப்போது வந்து சேருபவருக்கு 30 நிமிடக் காத்திருப்பு. இரண்டாம் மணியில் 1,200 பேர் வந்தால் மிச்சம் 700. காத்திருப்பு 42 நிமிடம். மூன்றாம் மணியில் வருவது சரியாக 1,000 பேர். வருபவர்களும் ஏறுபவர்களும் சமம். ஆனாலும் வரிசை ஓர் அடிகூடக் குறையாது. காலையில் கூடிய 700 பேரின் சுமையை மூன்றாம் மணியில் வந்தவர்கள் சுமக்கிறார்கள். மதியம் வரும் குடும்பம், “இப்போ கூட்டமே வரலையே, ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் காலை பதினோரு மணியில் கிடக்கிறது.

பழுதும் அப்படித்தான். மணிக்கு 950 பேர் வந்துகொண்டிருக்கும்போது அந்தக் கோஸ்டர் 15 நிமிடம் நின்றால், சுமார் 240 பேர் கூடுதலாகச் சேர்ந்துவிடுவார்கள். மறுபடி ஓடத் தொடங்கிய பின் அந்த மிச்சத்தைக் கரைக்க மணிக்கு 50 இருக்கைதான் உபரி. கால் மணி நேரப் பழுதின் தடம் மறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கொள்திறனின் விளிம்பில் ஓடும் எந்த அமைப்பும், அது மருத்துவமனைப் புறநோயாளி வரிசையானாலும் ரேஷன் கடையானாலும், இப்படித்தான் நடந்துகொள்ளும்.

யாருடைய நேரம்?

இதுவரை பார்த்தது நொடிகளின் கணக்கு. வரிசையில் நியாயத்தின் கணக்கும் இருக்கிறது. கூடுதல் பணம் கட்டினால் முன்னால் போகலாம் என்ற ‘ஃபாஸ்ட் டிராக்’ டிக்கெட் பூங்காக்களில் உண்டு. பிள்ளையார்பட்டிக்கும் திருப்பதிக்கும் போய்வரும் நமக்குச் சிறப்புத் தரிசனச் சீட்டு புதிதல்ல. அதன் கணிதத்தை வெளிப்படையாகப் பார்ப்போம். 28 இருக்கையில் 10 இருக்கை விரைவு வரிசைக்குப் போனால், பொது வரிசைக்கு 18 மிஞ்சும். 20 நிமிடமாக இருந்த காத்திருப்பு 31 நிமிடமாகும். விரைவுச் சீட்டு எந்த நேரத்தையும் உண்டாக்குவதில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது. பூங்கா அதை விற்கலாம். ஆனால் ஒரு ரயிலில் எத்தனை இருக்கை அதற்கு ஒதுக்கப்படுகிறது என்பதைப் பொது வரிசையில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவரும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறார்.

நேரம் குறித்த டோக்கன் இன்னொரு வழி. டிஸ்னி பூங்காக்கள் 1999-ல் ‘ஃபாஸ்ட் பாஸ்’ என்று இதைத் தொடங்கின. திருப்பதியில் இலவச தரிசனத்துக்கே நேரம் குறித்த டோக்கன் தருகிறார்கள். இதனால் கொள்திறன் ஓர் இருக்கைகூடக் கூடுவதில்லை. ஆனால் காத்திருக்கும் நேரத்தில் மனிதர் சாப்பிடலாம், உட்காரலாம், குழந்தையைத் தூங்க வைக்கலாம். 1985-ல் டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் காத்திருப்பின் உளவியலைப் பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டியதும் இதைத்தான். வேலையின்றி நிற்கும் நேரம் நீண்டு தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், நியாயமற்றதாகப் படும் காத்திருப்பும் அப்படியே நீளும். டிசம்பரிலும் வியர்க்கும் நம் கடற்கரைச் சமவெளியில் நிழல், குடிநீர், மின்விசிறி, உண்மையான நிமிடங்களைக் காட்டும் ஒரு பலகை ஆகியவை ஆடம்பரம் அல்ல, ரைடின் பாகங்கள்.

செய்து பாருங்கள்

இதற்குத் தேவை ஒரு செல்போன் ஸ்டாப்வாட்ச், ஒரு தாள், ஒரு பென்சில். ஊர்த் திருவிழாவிலோ, சித்திரைத் திருவிழாவையொட்டி மதுரையில் நடக்கும் பொருட்காட்சியிலோ ஒரு ராட்டினத்தின் முன் நில்லுங்கள். தொடர்ந்து பத்து முறை, ஒரு பெட்டி கீழே நின்று மறுபடி நகர எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரியோடு நிறுத்திவிடாமல், மிக நீண்ட நேரம் எடுத்த பெட்டியில் என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள்: கம்பி, பை, அழுத குழந்தை, சில்லறை. பிறகு சுற்றும் நேரத்தைக் கூட்டி, மணிக்கு எத்தனை பேர் என்று கணக்கிடுங்கள்.

கோஸ்டருக்குப் போனால் கணக்கு இன்னும் எளிது. அடுத்தடுத்து மூன்று ரயில்கள் கிளம்பும் நேரத்தைக் குறித்து இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவர்களைத் தோராயமாக எண்ணி இருக்கைகளால் வகுங்கள். 350 பேர், 28 இருக்கை என்றால் 13 ரயில். இடைவெளி 100 நொடியானால் 22 நிமிடத்தில் ஏறிவிடலாம். 140 நொடியானால் 30 நிமிடம். பலகையில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால், அந்தத் தாளைப் பூங்கா அலுவலகத்தில் கொடுத்து, பணிவாக விளக்கம் கேளுங்கள். உங்கள் முறை வரும்போது பையும் செருப்பும் போனும் ஏற்கெனவே வைக்கவேண்டிய இடத்தில் இருக்கட்டும். நீங்கள் மிச்சப்படுத்தும் ஐந்து நொடி உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஐந்து நொடி. 300 பேர் நின்றால் அது 25 நிமிட மனித நேரம்.